மாடியில் பருப்பு, கீழே ‘ஸ்டாக் இல்லை’

துவரம்பருப்பு விலை ஏறத் தொடங்கிய வாரத்தில் எங்கள் எம்.டி. முகத்தில் ஒரு களை வந்தது. கல்யாணம் நிச்சயமான வீட்டில்கூட அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை.

பசுமலைப் பக்கம் இருந்த அந்த சூப்பர் மார்க்கெட்டில் நான் ஃப்ளோர் இன்சார்ஜ். அது சின்ன மளிகைக் கடையாக இருந்த காலத்தில் முதலாளியை அண்ணே என்றுதான் கூப்பிட்டோம். ஏசி போட்டதும் ‘எம்.டி. சார்’ என்று கூப்பிடச் சொன்னார். ஏசி பாதி நாள் ஓடாது. பட்டம் மட்டும் பழுதானதே இல்லை. இப்போது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாகக் கடை வேலைக்கு வரும் பெண்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. இளைத்த மயில்

முதலில் எடையில் கை வைத்தார்.

“வெலைய ஏத்துனா சனம் கத்தும் செல்வி. எடையக் கொறச்சுப் பாரு, ஒரு சத்தம் வராது.”

எங்கள் கடையே பேக்கிங் செய்யும் பருப்பு அது. அதே கவர், அதே மயில் படம், அதே விலை. ஒரு கிலோ இருந்த இடத்தில் தொள்ளாயிரம் கிராம். எடையை அச்சடித்த எழுத்தை எறும்பு வந்து படித்தால்தான் உண்டு.

“தெனமும் சமைக்கிறவங்க கைக்குத் தெரிஞ்சிரும் சார்” என்றேன்.

“கைக்குத் தெரிஞ்சா கை வந்து கேக்கட்டும்.”

கை வந்தது. பாண்டியம்மாள் அக்கா காலேஜ் பக்கத்தில் மெஸ் நடத்துபவர். பேரையூர்க்காரர். கடை தொடங்கிய நாளிலிருந்து எங்கள் கஸ்டமர். பாக்கெட்டை ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா செல்வி, மயிலு எளச்சுப் போச்சா?” என்றார்.

நான் கவரைத் திருப்பி அந்தச் சின்ன எழுத்தைக் காட்டினேன். “இதப் படிக்க நான் கண்ணாஸ்பத்திரிக்குல்ல போகணும்” என்று சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் வாங்கிப் போனார்.

2. லோடு வரலை

விலை இன்னும் ஏறும் என்று எம்.டி.க்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மூட்டை மூட்டையாக வாங்கி மாடியில் அடுக்கினார். கீழே பருப்பு ரேக்கை வேண்டுமென்றே காலியாக விடச் சொன்னார். காலி ரேக்கைப் போல விளம்பரம் கிடையாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதே பருப்பைக் கொஞ்சம் எடுத்துப் பளபள கவரில் போட்டு, ‘பிரீமியம்’ என்று பெயர் வைத்துக் கவுன்டர் பக்கம் வைத்தார். விலையைப் பார்த்தவர்கள் அதைத் தொட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்கள்.

“யாரு கேட்டாலும் லோடு வரலைன்னு சொல்லுங்க” என்பது உத்தரவு.

பாண்டியம்மாள் அக்கா மறுபடி வந்தார். இந்த முறை கிண்டல் இல்லை.

“எனக்கு ஒத்த வார்த்தை சொல்லு செல்வி. லோடு வருமா, வராதா? மூணு நாளா வெறும் ரசம் ஊத்துறேன். பாதிப் பயலுக வேற எடம் பாத்துட்டானுக. இப்படியே போனா மெஸ்ஸ மூட வேண்டியதுதான்.”

தலைக்கு மேல் கேமரா இருந்தது. பையைத் தூக்கிக் கொடுக்கிற சாக்கில் அவரோடு வாசல் வரை போனேன்.

“கீழமாசி வீதி மொத்தக் கடைக்குப் போங்கக்கா. அங்க மூட்டையாவே கெடைக்கும். நம்ம மாடியிலயும் நெறையா இருக்கு. ஆனா ஒங்களுக்கு எறங்காது.”

அவர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். “நல்லா யாவாரம் பண்றாருடி ஒங்காளு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. பொறுப்புள்ள குடிமகன்

அடுத்ததாக எம்.டி. கடையின் வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி போட்டார்: ‘பருப்பு வரத்து நிற்கப்போகிறது. தேவையானதை முன்கூட்டியே வாங்கி வைக்கவும். உங்கள் நலனில் அக்கறையுடன்.’

மறுநாள் காலை ஷட்டரைப் பாதி தூக்கும்போதே கூட்டம் குனிந்து உள்ளே நுழைந்தது. நேற்று வரை பிரீமியத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இன்று அதற்காக முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

காரில் வந்த ஒரு பெரிய மனிதர் டிராலி நிறையப் பருப்பை அடுக்கிக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினார். “பதுக்குறவனையெல்லாம் புடிச்சு உள்ள போடணும்மா. இவனுங்களாலதான் நாடு கெட்டுச்சு.”

“சார், பின்னாடி நிக்கிறவங்களுக்கும் ரெண்டு பாக்கெட் விடலாமே?”

“என் காசு, நான் வாங்குறேன். ஒனக்கென்ன?”

பதுக்குவது எப்போதும் அடுத்தவன்தான்.

அந்த நெரிசலில் பில் போடும் மலர்விழியைக் கவுன்டரோடு வைத்து நசுக்கிவிட்டார்கள். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது. நான் என் துப்பட்டாவால் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது எம்.டி. இறங்கி வந்தார். கூட்டத்தைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. அவள் கையைப் பார்த்தார்.

“ரத்தம் பில் ரோல்ல படாமப் பாத்துக்க” என்றார்.

மலர்விழி மூக்கை உறிஞ்சிக்கொண்டு இடது கையால் பில் போட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த வெறுப்பு பிறகு போகவே இல்லை.

4. மக்கள் நலன் கருதி

அந்த ஒரு நாள் வியாபாரம் எம்.டி.யின் தலைக்கேறிவிட்டது. உச்ச விலையில் இன்னும் பருப்பை வாங்கிக் குவித்தார். கொஞ்ச நாளில் சந்தைக்குப் புதுச் சரக்கு வந்தது. விலை சரிந்தது. மழையும் வந்தது. மாடி ஒழுகியது. மூட்டைகளில் வண்டு குடியேறியது.

உடனே வாசலில் ஒரு பேனர்: ‘மக்கள் நலன் கருதி அதிரடி விலைக்குறைப்பு.’ காலியாக இருந்த ரேக் ஒரே நாளில் பிதுங்கியது.

அன்று பாண்டியம்மாள் அக்கா பெருங்காயம் வாங்க வந்தார். அவரும் வேறு சில மெஸ்காரர்களும் சேர்ந்து கீழமாசி வீதியில் மூட்டையாக வாங்கத் தொடங்கியிருந்தார்கள். மெஸ் தப்பித்துவிட்டது. ஆனால் போன பையன்களில் பாதிப் பேர் திரும்பவில்லை என்றும், பாத்திரம் தேய்த்த பெண்ணை நிறுத்த வேண்டியதாயிற்று என்றும் சொன்னார்.

எம்.டி. தானே முன்னால் வந்து பாக்கெட்டை நீட்டினார். “வாங்கக்கா, புது லோடு. எடுத்துட்டுப் போங்க.”

அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “புது லோடுதான் தம்பி. வண்டெல்லாம் பச்சப்புள்ளையா இருக்கு.”

பில்லுக்கு நின்ற வரிசை மொத்தமும் சிரித்தது. எம்.டி. முகம் கறுத்து என் பக்கம் திரும்பினார்.

“செல்வி, நீ சொல்லும்மா. இன்னைக்கு வந்த லோடுதான?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமா சார். மாடியிலருந்து இன்னைக்குத்தான் வந்துச்சு.”

சாயங்காலமே என்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பருப்பைக் கடைசியில் ஒரு மாட்டுத்தீவன வியாபாரி அள்ளிப் போனதாக மலர்விழி சொன்னாள். மாடுகளாவது பிரீமியம் சாப்பிடட்டும்.

எனக்கு அதே மாதம் வேறு ஒரு கடையில் வேலை கிடைத்தது. சிபாரிசு செய்தது பாண்டியம்மாள் அக்காதான். அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன்.

கடை வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். ‘ஸ்டாக் இருக்கா?’ என்று ஜனங்கள் கேட்பது முதலாளியிடம் இல்லை, உங்களிடம். அவர் மாடியில் உட்கார்ந்திருப்பார். பொய் சொல்கிற வாய் உங்களுடையது. நீங்கள் இல்லை என்று சொன்னால் நிஜமாகவே இல்லை என்று அந்தத் தெரு நம்ப வேண்டும். அந்தப் பேரைச் சம்பளத்துக்காக யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வேலை போனாலும் அந்தப் பேர் இன்னொரு வேலை வாங்கித் தரும்.