மச்சானின் துவக்கில் உப்பிய கோது

என் துவக்கும் மச்சானின் துவக்கும் ஒரே அளவு என்பதால் ஒன்றின் தோட்டா மற்றதற்கும் சரிவரும் என்று நம்பிய மடையன் நான். ஏறாவூருக்கு மேற்கே எங்கள் வயல் வட்டையில் பன்றிக் காவல். என்னிடம் தோட்டா தீர்ந்திருந்ததால், அக்காவின் கணவரான மச்சான் வெடித்த பழைய தோட்டாக் கோதுகளில் தானே மருந்தடைத்து வைத்திருந்த கடைசி இரண்டையும் அவர் பையிலிருந்து சொல்லாமல் எடுத்தேன்.

பொழுது சாயும் நேரம் தனியன் பன்றியொன்று வரப்பில் நின்ற மச்சானைத் துரத்தியது. அவர் பையைத் துழாவினார்.

“எங்கடா என்ட தோட்டா?”

“என்ட துவக்குல பாதியில இறுகிற்று மச்சான்!”

“அது என்ட துவக்குல வெடிச்சு உப்பின கோதுடா! உன்டதுல எப்பிடிப் போகும்?”

ஓடிக்கொண்டே பாடம் எடுத்தார் மனுசன். நான் துவக்கை எறிந்துவிட்டுக் குரங்குபோல் காவல் பரணில் ஏறினேன். பன்றியும் ஏறிவந்துவிடும் என்று பயந்து ஏணியை மேலே இழுத்தேன். அதைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

“ஏணியப் போடுடா!”

கேட்டது. கை ஏணியை விடவில்லை.

மச்சான் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். தோட்டா இறுகியதுதான் காரணம் என்று அக்காவிடம் சொன்னேன். பன்றி அவர் தொடையைக் கிழித்தபோது, அவர் ஏணி இருந்த இடத்துக்கு வந்துசேர்ந்திருந்தார்.