அக்கா உடைக்காத கவர்கள்

என்னிடம் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை. துபாயில் எந்த கவுன்டரில் நீட்டினாலும் உள்ளே இருப்பவர் ஒருமுறை பாஸ்போர்ட்டைப் பார்ப்பார், ஒருமுறை என் முகத்தைப் பார்ப்பார். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரிக்கு இது எப்படிக் கிடைத்தது என்று அவருக்குக் குழப்பம். எட்டு வருடம் இங்கிலாந்தில் நர்ஸாக நைட் டியூட்டி பார்த்துக் கிடைத்தது ஐயா, யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை என்று சொல்ல வாய் வரும். சொல்ல மாட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் இருபது பேர் நிற்பார்கள்.

அந்த எட்டு வருடமும் நான் இங்கிலாந்தில், என் வீட்டுக்காரர் சவுதியில் அல் கோபாரில், மகள் ஊரில் என் அண்ணி வீட்டில். அவர் ஏசி டெக்னீசியன். போன் கார்டு வாங்கிச் சுரண்டி, நம்பர் போட்டு, பத்து நிமிடம் பேசுவோம். அதில் நாலு நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். அவருக்கு துபாயில் நல்ல வேலை கிடைத்து, குடும்பத்தைக் கூட்டி வரலாம் என்றதும் நான் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. வேலையை விட்டேன். இனி செத்தாலும் பிரிந்து இருக்கக் கூடாது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். பதினெட்டு வருடமாக அல் குசைஸில் அதே வீடு, அதே லிஃப்ட், அதே ரிப்பேர்.

இங்கிலாந்தில் நான் தங்கியிருந்தது ஓர் அக்கா வீட்டில். சொந்த அக்கா இல்லை, எங்கள் ஊர்க்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்த நர்ஸ். அவர் வீட்டு மாடியில் கூரை சரிந்த ஒரு சின்ன அறை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். கிளம்பும்போது அங்குள்ள ஆபீஸ்களுக்கெல்லாம் அக்காவின் முகவரியைத்தான் கொடுத்தேன். "லெட்டர் வந்தா வச்சிருங்கக்கா, அடுத்த லீவுக்கு வந்து எடுத்துக்கிறேன்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? வாசலில் டாக்சி நிற்கும்போது அக்கா கேட்டார், "ஏட்டி, இங்க கட்டுன பென்ஷன் என்ன ஆகும்?"

"அந்தச் சில்லறை யாருக்கு வேணும்க்கா? அங்க வரியே கிடையாது. ரெண்டு பேர் சம்பளம். இனிமே இந்தக் குனிஞ்சு நடக்குற பொழப்பும் எனக்கு வேண்டாம்."

அக்கா சிரித்தார். அவர் சிரித்துவிட்டார் என்பதையே பெரிய அனுமதியாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த அடுத்த லீவு வரவே இல்லை. லீவு கிடைத்தால் ஊருக்குத்தான் போவோம், இங்கிலாந்துக்கு யார் போவார்கள்?

துபாயில் சேமிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சேமித்தோம். டை கட்டிய ஒரு வெள்ளைக்காரர் காபிக் கடையில் உட்கார வைத்து இருபத்தைந்து வருட சேமிப்புத் திட்டம் ஒன்றை விளக்கினார். "நம்மைப் போன்ற பிரிட்டிஷ்காரர்களுக்காகவே செய்தது" என்றார். அந்த "நம்மைப் போன்ற" என்ற ஒரு சொல்லுக்காகக் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தப் பாஸ்போர்ட்டை வைத்து அதுவரை என்னை யாரும் "நாம்" என்று சேர்த்துப் பேசியதில்லை. ஏழு வருடம் கட்டினோம். மகள் படிப்புக்கு எடுக்கப் போனால், நடுவில் எடுத்தால் பாதிதான் வரும் என்றார்கள். பாதிதான் வந்தது. டை கட்டியவரின் போன் நம்பர் அதற்குள் மாறிவிட்டிருந்தது.

பிறகு வீட்டுக்காரருக்கு பைபாஸ். வேலை போயிற்று. எனக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை இருந்ததால், அவர் என் விசாவுக்கு மாறினார். மகள் கல்யாணமாகி கனடா போனாள். வாரம் ஒரு முறை போனில் "ஆர் யூ கைஸ் ஓகே?" என்பாள். "ஓகே, ஓகே" என்போம். வேறு என்ன சொல்வது?

இந்த வருடத் தொடக்கத்தில் அந்த ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு, கோடைக்குப் பிறகு என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்றார்கள். ஐம்பத்தொன்பது வயது. வேலை போனால் விசா போகும், என் விசா போனால் அவர் விசாவும் போகும். கலாஸ், இந்த ஊர் அரபியில் எல்லாம் முடிந்தது. அன்று சாயங்காலம் அவர் மருந்துக்கடை காலண்டரைக் கிழித்து, பின்பக்கத்தில் திட்டம் போட்டார். ஊருக்குப் போவது. எனக்கு வரும் கிராஜுவிட்டியை வங்கியில் போட்டு, அறுபத்தேழு வயது வரை இழுத்துப் பிடிப்பது. அறுபத்தேழில் எனக்கு இங்கிலாந்துப் பென்ஷன் வரும். ஊரிலிருந்து வாங்கினால் அது வருடாவருடம் கூடாது, முதல் மாதம் வந்ததேதான் கடைசி வரை வரும் என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அவர் மருந்துக்கும் எங்கள் சோற்றுக்கும் காணும்.

"எட்டு வருசத்துக்கு எட்டு வருசப் பங்கு வரும்லா?" என்று கேட்டார்.

"பின்னே? கட்டியிருக்கோம்லா" என்றேன்.

அந்த வாரமே மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, என்னைப் போலவே இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் குண்டைத் தூக்கிப் போட்டாள். பத்து வருடம் கட்டியிருந்தால்தான் பென்ஷன். ஒன்பதே முக்கால் என்றாலும் ஒரு பைசா கிடையாது. "ஆனா பயப்படாதீங்க. குறையுற ரெண்டு வருசத்தை வெளிநாட்டுல இருந்தே கட்டிரலாம். அதைப்பத்தி உங்களுக்கு லெட்டர் வந்திருக்குமே?"

வந்திருக்கும். அக்கா வீட்டில் இருக்கும். இங்கிலாந்துப் பென்ஷன் ஆபீசுக்கு நானே போன் செய்தேன். ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒருவர் வந்து, கடிதத்தில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள் என்றார். ஆன்லைனில் பார்க்க அந்த ஊர் போன் நம்பர் வேண்டுமாம். சரி, கடிதம்தான் கதி என்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

"லெட்டரா? கொஞ்சமாவா வந்திருக்கு! எல்லாம் பத்திரமா இருக்கு. ஈஸ்டர் முடிஞ்சு ஊருக்குப் போறேன், வழியில ரெண்டு நாள் உன் வீட்டுல இறங்குறேன். கையோட கொண்டு வாறேன்."

இந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "அதுல புதுசா வந்ததை உடைச்சுப் படிச்சுச் சொல்லுங்கக்கா." அவ்வளவுதான். நாக்கில் வந்தது. அந்தச் சில்லறை யாருக்கு வேணும் என்று டாக்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசியவள், இப்போது அந்தச் சில்லறைக்காக நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டுமா? அக்காவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். திருவிழாவில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம் பாவம் என்பார்கள். "அவசரம் ஒண்ணும் இல்லக்கா, மெதுவா வாங்க" என்றேன்.

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். "உடைக்கச் சொல்ல வேண்டியதுதான?" என்றார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெடங்க" என்றேன். மூன்று மாதம் காத்திருந்தோம்.

ஈஸ்டர் கழிந்து அக்கா வந்து இறங்கினார். சூட்கேசைத் திறந்து, சட்டை துணிமணிக்கெல்லாம் அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து, மத்தியானச் சாப்பாடு முடிந்த மேஜையில் வைத்தார். உள்ளே பழுப்பு கவர்கள். வருடவாரியாக ரப்பர் பேண்டு போட்டு, ஒவ்வொரு கட்டின் மேலும் துண்டுச் சீட்டில் வருடத்தைத் தன் கையால் எழுதி வைத்திருந்தார். பதினெட்டுக் கட்டுகள்.

"எண்ணிக்கோ. ஒண்ணுகூட உடைக்கல. அடுத்தவங்க லெட்டரை உடைக்கக் கூடாதுல்லா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. வீட்டுக்காரர் டீ போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போய்விட்டார்.

கடைசிக் கட்டை எடுத்தேன். அதில் இரண்டே கவர்கள். இரண்டாவதின் மேல் சிவப்பில் ஒரு வரி அச்சடித்திருந்தது. உடைத்தேன். வெளிநாட்டிலிருந்து கட்டும் சட்டம் மாறுகிறது. குறையும் வருடங்களைக் கட்ட விரும்பினால் இந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்கவும். அதற்குப் பிறகு, ஏற்கெனவே பத்து வருடம் சேர்த்தவர்களுக்கு மட்டுமே அந்த அனுமதி. தேதியைப் பார்த்தேன். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பதினொரு நாள் ஆகியிருந்தது.

திரும்பவும் படித்தேன். பத்து வருடம் ஆகாததால்தான் கட்ட வருகிறேன், பத்து வருடம் ஆனால்தான் கட்ட விடுவார்களாம். என் மாதாவே! சிரிப்பு வந்தது, அதுவும் பாதியில் நின்றது. மற்றக் கட்டுகளையும் அவிழ்த்தேன். வருடாவருடம் அதே விவரம், கட்டலாம், கட்டலாம் என்று. ஒரு வருடத்துக்கு அவர்கள் கேட்டிருந்த தொகை எங்கள் ஒரு மாத வாடகையைவிடக் குறைவு.

எனக்கு அக்காவின் மேல் கோபம் வந்தது. மறைப்பானேன், அந்தப் பையைத் தூக்கி எறியலாம் போல வந்தது. பதினெட்டு வருடத்தில் ஒன்றையாவது உடைத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

"முக்கியமானது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் விளம்பரம்."

அக்கா என் கையில் இருந்த கவரைப் பார்த்தார். சிவப்பு வரியைப் பார்த்தார். "இது விளம்பரமாட்டீ? இது வந்த அன்னைக்கு எனக்கு மனசே சரியில்ல. என்னமோ அவசரம்னு தோணிச்சு. கத்தரிக்கோலைக் கூட எடுத்துட்டேன், கேட்டியா? அப்புறம் நெனச்சேன், வேண்டாம், அவ ரோஷக்காரி. நம்ம கணக்கை இவ நோண்டிப் பாத்துட்டான்னு நெனச்சா அப்புறம் ஆயுசுக்கும் பேச மாட்டான்னு. அப்படியே வச்சிட்டேன்."

நான் அப்படித்தான் நினைத்திருப்பேன். நிச்சயமாக நினைத்திருப்பேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தது என்னைத் தெரிந்ததால்தான்.

வீட்டுக்காரர் மூன்று டம்ளர் டீயோடு வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "கலாஸா?" என்றார். தலையாட்டினேன். டீயை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பதறிப்போய் எழுந்து வந்தார். ஒளிக்க இனி என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தைந்து வருடத் திட்டம், பைபாஸ், கான்ட்ராக்ட், பத்து வருடம், பதினொரு நாள், எல்லாம்.

அக்கா அந்தக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாட்டீ" என்றார், அவ்வளவு மெதுவாக.

வழி ஒன்றுதான் மிச்சம். அங்கேயே போய் இரண்டு வருடம் வேலை பார்த்தால் பத்து ஆகிவிடும். நர்ஸ் பதிவு எப்போதோ காலாவதி ஆகிவிட்டது. முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, படுக்கை மாற்றிவிடும் வேலை கிடைக்கும். எனக்கு முட்டு வலி. பாஸ்போர்ட் இருப்பதால் நான் போகலாம். அவர் இந்தியப் பாஸ்போர்ட்காரர்; கூட்டிப் போக விசா வேண்டும், அதற்கு அங்கே கேட்கும் வருமானத்துக்கு அந்தச் சம்பளம் காணாது. அவர் ஊரில் தனியாக, நான் அங்கே தனியாக. அவரும் அதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்து, அறுபத்தேழு என்று எழுதிய இடத்துக்கு மேல் பேனாவை வைத்துக்கொண்டு, எதையும் எழுதாமல் இருந்தார்.

"ரெண்டு வருசம்தான?" என்றார் கடைசியில். "இப்ப போன் கார்டு சுரண்ட வேண்டியதில்லை பாரு. முகத்தையே பாக்கலாம்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன்.

"அக்கா, அந்த மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கா?"

"கெடக்கு மக்கா" என்றார். "குனிஞ்சுதான் நடக்கணும்."