பருந்தக்காவும் ஓடும் புட்டிகளும்

விளக்கு மின்னி அணைந்த பிறகுதான் பருந்தக்காவின் வலக்கை மடியிலிருந்து எழும். அதில் அவசரமே இராது. ஓடும் பட்டையில் வரிசையாக நகரும் இருமல் மருந்துப் புட்டிகளுள் ஒன்றின் கழுத்தை இரண்டு விரலால் கவ்விக் கூடையில் இறக்கிவிட்டு, கை மீண்டும் மடிக்குத் திரும்பும். உடன் வேலை செய்யும் பெண்கள், விளக்கு மின்னும்போதெல்லாம் "அக்கோவ், கோழிக்குஞ்சு!" என்று குரல் கொடுப்பார்கள். அப்படி வந்த பெயர்தான் அது. அவள் என் மனைவியின் தங்கை. இப்போது என் மனைவியும் அவளைப் பருந்தக்கா என்றே அழைக்கிறாள். தமக்கை தங்கையை 'அக்கா' என்பது முறையன்று என்று பலமுறை சொல்லியும் பயனில்லை.

வேலை இதுதான். மூடியிட்ட புட்டிகள் ஓர் இயந்திரத்தைக் கடந்து செல்லும். மூடி இளகிய புட்டி, பட்டையோரக் கம்பியில் தீட்டிய வெள்ளைக் கோட்டுக்கு நேரே வரும் கணத்தில் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னும். அந்தப் புட்டியை எடுத்துவிட வேண்டும். எல்லாப் புட்டிகளும் ஒரே நிறம், ஒரே உயரம். எதன் மூடி இளகியது என்பது கண்ணுக்குப் புலப்படாது. தொழிற்சாலை மேலாளர் என்னோடு காலையில் நடக்க வருபவர். அவர் இசைவுடன் ஒருநாள் நானும் அந்த முக்காலியில் அமர்ந்தேன். விளக்கு மின்னியபோது கோட்டுக்கு நேரே ஐயத்துக்கு இடமின்றி ஒரு புட்டி தெரிந்தது. எடுத்தேன். ஏழு முறை எடுத்தேன். ஏழும் மூடி இறுகிய நல்ல புட்டிகள்.

"நீங்க நிரபராதியைப் பிடிக்கிறீங்க அத்தான்" என்றாள் பருந்தக்கா. "விளக்கு இமைக்கிற நேரம்தான் எரியுது. பாட்டில் ஓடிக்கிட்டே இருக்கு. ஓடுறவனைக் கண்ணு எப்பவும் ஒரு எட்டு முன்னாடி தள்ளித்தான் காட்டும். கோட்டைத் தாண்டிப் போயிட்டான்னு தோணுது பாருங்க, அவன்தான் ஆளு. கோட்டுல நிக்கிற மாதிரி தெரியுறவன் அவனுக்குப் பின்னாடி வந்தவன்."

இதை அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை. சேர்ந்த முதல் மாதம் முழுவதும் தவறான புட்டிகளை எடுத்து, வசவு வாங்கி, தானே கண்டுகொண்டது. அதன்பின் ஓடும் பொருள் எதையும் அவள் நம்பியதில்லை. சாவியைத் தூக்கிப் போட்டால் பிடிக்க மாட்டாள். "விழட்டும். விழுந்துட்டா எங்க இருக்குன்னு சண்டையே இல்ல" என்று குனிந்து எடுப்பாள். பணி முடிந்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்து ஐந்து நிமிடம் அமர்ந்திருப்பாள். நாளெல்லாம் வலப்பக்கம் ஓடிய பட்டையைப் பார்த்த கண்ணுக்குச் சுவர் இடப்பக்கம் ஊர்வதுபோல் தோன்றுமாம். "செவுரு நிக்கட்டும், கிளம்பலாம்" என்பாள்.

சென்ற மாதம் புதிய மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். மூன்று நாள் அவள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, பார்வை மங்கிவிட்டது என்றும், விளக்குக்கு நேரே உள்ளதை விட்டுவிட்டுத் தாண்டிப் போனதை எடுக்கிறாள் என்றும் அறிக்கை எழுதினார். அவளை அட்டைப்பெட்டிகள் தூக்கும் பிரிவுக்கு மாற்றலாம் என்பது அவர் பரிந்துரை. பருந்தக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. பெட்டி தூக்கும் பிரிவுக்குப் போவதும் வேலையை விடுவதும் அவளுக்கு ஒன்றே.

"வைங்க சார் பரீட்சை. மார்க் எழுதுறதுக்கு எங்க அத்தான் வருவாரு, அவரு எனக்குன்னாகூட ஒரு மார்க் சேத்துப் போட மாட்டாரு" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை மதியம் சோதனை நடந்தது. பத்துப் புட்டிகளின் மூடிகளை வெவ்வேறு அளவில் இளக்கி வரிசையில் கலந்தார்கள். ஒவ்வொரு முறை விளக்கு மின்னும்போதும் அவள் ஒன்றை எடுக்க வேண்டும். மேற்பார்வையாளரும் தம் கண்ணுக்குப் பட்டதை எடுக்க வேண்டும். இரண்டையும் தனித்தனி வெள்ளைத் துணிமேல் கவிழ்த்தால் உண்மை சிவப்பாகக் கசியும்.

முதல் ஆறு முறையும் அவள் துணியில்தான் கறை. "அட, கண்ணால பாத்தேனே!" என்றார் மேற்பார்வையாளர் மூன்றாம் முறை. "நானும்தான் பாக்குறேன் தம்பி. பாத்துட்டு, அது சொல்றதைக் கேக்காம விட்டுடுறேன்" என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி, "சார், நீங்க கோழிக்குஞ்சை விட்டுட்டுக் கோழியைப் பிடிக்கிறீங்க!" என்றாள். அவரும் சிரித்துவிட்டார்.

ஏழாம் முறை வரிசை ஒரு விக்கல் விக்கியது. விளக்கு மின்னியது. அவள் ஒன்றை எடுத்தாள். அவர் ஒன்றை எடுத்தார். இம்முறை அவள் துணி வெளுப்பாகவே இருந்தது. அவர் துணியில் கறை குளம்போல் பரவியது. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவற்றில் மீண்டும் அவளே சரி.

"பத்துக்கு ஒன்பது! நான் படிச்ச காலத்துல இந்த மார்க்கைக் கண்ணால கண்டதில்ல. நீங்க இங்கேயே இருங்கம்மா" என்று மேலாளர் அறிக்கையை மடித்துப் பையில் வைத்தார். பெண்கள் கைதட்டினார்கள். மேற்பார்வையாளரும் தட்டினார்.

பருந்தக்கா அவர் எடுத்த ஏழாம் புட்டியைக் கையில் வைத்திருந்தாள். விரல் பட்டதும் மூடி கழன்று வந்தது.

"தம்பி, இது கம்பியில தட்டி நின்னுச்சு இல்ல?"

"ஆமாக்கா, ஒரு நொடி. மூடி ரொம்ப லூசு. தூக்கிக்கிட்டு நின்னுச்சு, கம்பியில மாட்டிக்கிச்சு."

"நின்னவனைக் கண்ணு சரியாத்தான் காட்டிருக்கு. நான்தான் பழக்கதோசத்துல தாண்டுனவனைப் பிடிச்சிட்டேன்." கழன்ற மூடியைத் திரும்ப வைத்தாள். "காலையிலயும் ரெண்டு தடவை இதே மாதிரி விக்கிச்சு. ரெண்டு தடவையும் விளக்கு எரிஞ்சது. அப்பவும் தாண்டுனவனைத்தான் எடுத்தேன்."

காலையில் ஓடியவை முப்பத்தாறு பெட்டிகளில் அடைபட்டு, ஒட்டி, அடுத்த அறையில் அடுக்கப்பட்டிருந்தன. ஏற்றிச் செல்லும் வண்டி நான்கு மணிக்கு வரும். குழந்தைகளுக்கான மருந்து, காற்றுப் புகுந்தால் கெட்டுவிடும்.

"விடுங்கக்கா, அதான் ஜெயிச்சுட்டீங்களே" என்றார் மேற்பார்வையாளர்.

"அந்த ரெண்டையும் குடிக்கப் போறது ரெண்டு பிள்ளைங்களாச்சே தம்பி."

பெட்டிகளைப் பிரித்துப் பார்க்க ஆள் வரச்சொல்கிறேன் என்று மேலாளர் தொலைபேசியை எடுத்தார். பருந்தக்கா காத்திருக்கவில்லை. வெள்ளைத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்றாள். அடுக்கின் முன் நின்று, சுவரை ஒரு கையால் பற்றி, முழங்கால்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பிறகு சுவரை விட்டுவிட்டு, முதல் பெட்டியை இரு கையாலும் அணைத்துத் தூக்கினாள்.