மேனேஜருக்கு ஒரு டீ

மைசூரில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். வரும் கொத்தனார்களில் பாதிப் பேர் தமிழ்க்காரர்கள், முதலாளி கன்னடக்காரர். "அவரு என்ன சொல்றாரு, கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க" என்று யாராவது என்னிடம் கேட்டுவிட்டால், ஐம்பதை நெருங்கும் இந்த வயதிலும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "அவ்வளவு கஷ்டமான கன்னடமா?" என்பார்கள். கன்னடத்தில் கஷ்டமில்லை. நான் ஏழாம் வகுப்பு முடித்த நாளில்தான் கஷ்டம்.

அப்பா கொத்தனார். சேலத்துப் பக்கத்திலிருந்து என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு மைசூர் வந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். பள்ளிக்கு அப்பா வரும்போதெல்லாம் வாயே திறக்கமாட்டார். வாத்தியார் பேசுவதை நான்தான் அவருக்குத் தமிழில் சொல்லவேண்டும். இதைவிட நல்ல உத்தியோகம் எனக்கு அதற்கப்புறம் கிடைக்கவேயில்லை. "இவனைப்போல வாலு ஊரில் கிடையாது" என்று வாத்தியார் சொன்னால், "நான் ரொம்பச் சுறுசுறுப்பாம்ப்பா" என்பேன். கணக்கில் எட்டு மார்க் என்றால், "கணக்குல இன்னும் மேல போக நெறய எடம் இருக்காம்" என்பேன். அப்பா கண்ணை மூடித் திறந்து தலையாட்டுவார். திரும்பும் வழியில் பேக்கரியில் ஒரு தில்பசந்து வாங்கி, உள்ளே இருக்கும் தேங்காய்த் துருவல் சிந்தாமல் இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை எனக்குத் தருவார். நடக்கும்போது அவர் கை என் பிடரியில் இருக்கும். இப்படி ஏமாறுகிறாரே மனுஷன் என்று எனக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருக்கும்.

எங்கள் ஏழாம் வகுப்பு வாத்தியாரை ஊர் வழக்கப்படி மேஷ்ட்ரு என்போம். மூக்குப்பொடி போடுகிறவர். ஏழாவதோடு அந்தப் பள்ளி முடிந்துவிடும், எட்டாவதுக்கு வேறு பள்ளி தேடவேண்டும். அதனால் கடைசி நாளன்று பெற்றோரைக் கூப்பிட்டு, உப்பிட்டு என்கிற உப்புமாவும் கேசரிபாத்தும் கொடுத்து எங்களை அனுப்பிவைப்பார்கள். அதற்கு முன் மேஷ்ட்ரு ஒரு கதை சொல்வார். வருடா வருடம் அதே கதை, ஆட்கள்தான் மாறுவார்கள். இருபது வருடம் கழித்து, ரிடையராகி, தலை நரைத்த மேஷ்ட்ரு ஒரு நாள் காலையில் எழுந்திருக்கிறார், ஊரைச் சுற்றுகிறார், வீடு திரும்புகிறார். அந்த ஒரு நாளில் வகுப்பின் முப்பத்தொரு பேரையும் எங்காவது பார்த்துவிடுவார். பால் ஊற்றுகிறவன், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவன், ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவள் எல்லாரும் நாங்கள்தான். யாருக்கு என்ன வேஷம் என்று முன்கூட்டி மூச்சு விடமாட்டார். முந்தைய வருடம் ஒருவனை ஜேப்படிக்காரனாக்கி, மார்க்கெட்டில் தன் சட்டைப் பையிலேயே கை வைக்கவிட்டார் என்று ஒரு வதந்தி உலவியது.

அந்த வதந்தி என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. காரணம், மேஷ்ட்ருவின் தும்மல். அது மூன்று கட்டமாக வரும். முதலில் கூரையைப் பார்ப்பார், பிறகு கடவுளைக் கூப்பிடுவதுபோல ஒரு இழுப்பு, கடைசியில் வெடி. இதை நான் அச்சாகச் செய்வேன். கடைசி வாரத்தில் ஒருநாள் மேசைமேல் ஏறி நின்று செய்துகொண்டிருந்தபோது வகுப்பு சட்டென்று அமைதியானது. வாசலில் மேஷ்ட்ரு. அடிக்கவில்லை. "இழுப்பு பத்தலை. பழகிட்டு வா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அடித்திருந்தால் கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். அடிக்காததால், என்னை ஜேப்படிக்காரனாக்கும் முடிவோடு இருக்கிறார் என்று உறுதியானது.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலையும் நானே வளர்த்து வைத்திருந்தேன். வகுப்பில் அப்பாவைக் காண்டிராக்டர் என்று சொல்லியிருந்தேன்.

அந்த நாள் வந்தது. அப்பா அரை நாள் வேலையை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். சுண்ணாம்பும் சிமெண்டும் அரித்து அரித்து அவர் விரல் நுனிகளில் ரேகையே இருக்காது. அன்று காலையில் தேங்காய் எண்ணெய் தடவி, சீயக்காய் போட்டு, அரை மணி நேரம் கைகளைத் தேய்த்ததை நான் பார்த்தேன். கூடவே பக்கத்து வீட்டு அத்தையும் வந்திருந்தாள். சொந்தமில்லை. ஊரில் ஒரே பக்கம், இங்கே ஒரே சுவர், அதனால் அத்தை. மைசூருக்கு வந்து இரண்டே வருடம், கன்னடத்தில் காய்கறி மட்டும் வாங்கத் தெரியும். அவள் மகள் செல்வி என் வகுப்புதான். வகுப்பில் முதல் மார்க் அவளுக்கு. வந்த இரண்டு வருடத்திலேயே கன்னடம் என்னைவிட அழகாக எழுதுவாள். பிரார்த்தனை பாடிய பெண்களோடு அவள் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்துவிட்டதால், அத்தை எங்களோடு கடைசி பெஞ்சுக்கு வந்தாள். அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நான், மொழிபெயர்ப்பு இலாகா.

உட்கார்ந்ததும் அத்தை என் தொடையைத் தட்டினாள்.

"கண்ணு, செல்விக்கு வாத்தியாரு என்ன சொல்றாருனு ஒரு வார்த்தை விடாம சொல்லோணும். ஊதுபத்திக் கம்பெனில ஆள் கேக்கறாங்க. இவளை அதுல சேத்தறதா, எட்டாவதுக்கு அனுப்பறதானு மாமன் தெனம் சண்டை. வாத்தியாரு வாயில என்ன வருதோ அதும்படி செய்யலாம்னு முடிவு பண்ணியிருக்கறோம்."

"அதுக்கென்னத்தே" என்றேன். என் வேஷத்தைப் பற்றிய பயத்தில் அவள் சொன்னது பாதிதான் காதில் ஏறியது.

மேஷ்ட்ரு எழுந்தார். ஒரு சிட்டிகை பொடி, ஒரு தும்மல். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. கதை ஆரம்பித்தது.

விடியற்காலை, நல்ல மழை. மேஷ்ட்ருவின் கட்டிலுக்கு நேர்மேலே தளம் ஒழுகுகிறது. சொட்டு மூக்கிலேயே விழுகிறது. அவர் ஒரே ஒருவனுக்குத்தான் ஆள் அனுப்புகிறார். அவன் ஏணியோடு வருகிறான். வந்ததும் வேலையை ஆரம்பிக்காமல் தும்மிக் காட்டுகிறான். "அதற்குள் டாக்டர் என் பொடியை நிறுத்தியிருப்பார். என் தும்மல் இந்த ஊரில் அவனிடம் மட்டும்தான் மிச்சம் இருக்கும்" என்றார் மேஷ்ட்ரு. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என் பெயரைச் சொன்னார். அவன் செய்வது காரெ கெலஸ, அதாவது கொத்து வேலை, அப்பாவின் கை அப்படியே மகனுக்கு வந்திருக்கிறது, இந்தப் பள்ளியின் சமையலறைத் தளம் போன வருடம் அவன் அப்பா போட்டது, ஒரு சொட்டு இறங்கவில்லை, மகன் போட்ட தளமும் தன் காலம் முழுக்க ஒழுகாது என்றார்.

முன்னால் இருந்த பையன்கள் திரும்பினார்கள். காண்டிராக்டர் மகனை ஆசையோடு பார்த்தார்கள். ஜேப்படிக்காரனாக்கியிருந்தால்கூட நான் எப்படியாவது சமாளித்திருப்பேன். காதுக்குள் ஒரு லாரி ஓடியது. பக்கத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்த்த இரண்டு கைகளும் முழங்கால்கள்மேல் விரிந்து கிடந்தன. அவர் என் பக்கம் குனிந்து, எப்போதும்போல மெதுவாகக் கேட்டார்.

"என்னடா சொல்றாரு?"

என் மூளை அந்த நேரத்தில் ஒரே ஒரு நாற்காலியைக் கண்டது.

"நான் பேங்க் மேனேஜர் ஆயிருவனாம்ப்பா."

அப்பா உடனே தலையாட்டவில்லை. "அப்படியா சொன்னாரு?" என்றார். "ஆமாப்பா. பெரிய பேங்க்காம்" என்று ஒரு மாடியும் சேர்த்துக் கட்டினேன். பன்னிரண்டு வருடம் மைசூரில் சாந்து குழைத்த மனிதருக்கு உலகத்திலேயே தெரிந்திருக்கக்கூடிய ஒரு கன்னடச் சொல் எதுவாக இருக்கும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

மேஷ்ட்ரு பால் வாங்கினார், பஸ் ஏறினார். நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒழுங்காக மொழிபெயர்த்தேன். பத்தாவது ஆளோ பன்னிரண்டாவது ஆளோ, மேஷ்ட்ரு பென்ஷன் வாங்கப் போய்ச் சேர்ந்த இடம், பேங்க். கூட்டம் வாசல் வரை நிற்கிறது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி எழுந்து வருகிறாள், அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறாள், தன் நாற்காலியிலேயே உட்காரவைக்கிறாள். "யார் தெரியுமா? பேங்க் மேனேஜர் செல்வி!"

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளனின் தேவையே இல்லாமல் போனது. பேங்க், மேனேஜர், செல்வி. மூன்று சொல்லும் அத்தைக்கே புரிந்தது. முன்வரிசையில் செல்வி முகமெல்லாம் பல்லாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அத்தை என் கையைப் பிடித்தாள்.

"கண்ணு, மேனேஜருங்கறாரே, செல்விங்கறாரே, என்னது?"

ஒரு பேங்க்குக்கு இரண்டு மேனேஜர் இருக்கலாம் என்றோ, வேறு பேங்க் என்றோ சொல்லியிருக்கலாம். எட்டு மார்க் மூளைக்கு அது தோன்றவில்லை. என் நாற்காலியைக் காப்பாற்றவேண்டும் என்பது மட்டும் தோன்றியது.

"மேனேஜரு நாந்தான் அத்தே. செல்வி அதே பேங்க்ல மேனேஜருக்கு டீ கொண்டாந்து வெப்பாளாம்."

அத்தையின் பிடி தளர்ந்தது. செல்வி இன்னும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தை முந்தானையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

"டீ குடுக்கறதுக்கு எட்டாவது எதுக்கு" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"பொறும்மா. முழுசாக் கேப்போம்" என்றார் அப்பா. அவர் என்னைப் பார்த்தார். நான் மேஷ்ட்ருவைப் பார்த்தேன். மீதிக் கதையில் யார் யார் என்ன ஆனார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கேசரிபாத் தட்டுகளோடு எல்லாரும் மரத்தடிக்கு வந்தோம். செல்வி ஓடி வந்தாள்.

"எம்மா, கேட்டியா? மேஷ்ட்ரு என் சேர்லயே உக்காந்துட்டாரு, பாத்தியா?"

"கேட்டேன். மேனேஜருக்கு டீ கொண்டாந்து வெப்பியாமா."

"யாரு சொன்னா? மேனேஜரே நாந்தான்மா."

"பொய் சொல்லாதடி. தம்பி அப்பவே சொல்லிருச்சு. உனக்குப் படிக்கோணும்னு ஆசை, நீ வேற எப்படிச் சொல்லுவ?"

செல்வி என் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. ஏதோ தவறு நடந்துவிட்டது, நான் ஒரு வார்த்தையில் சரிசெய்துவிடுவேன் என்று நம்புகிற முகம். "நீயே சொல்லுடா அம்மாகிட்ட" என்றாள்.

ஒரு வார்த்தை. வாயில் கேசரிபாத் இருந்தது. அதை விழுங்கினேன். அப்பா பக்கத்தில் நின்றார். மேஷ்ட்ரு பத்தடி தூரத்தில் நின்றார். வகுப்பின் வாயாடி நான், எனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையாண்டேன். மேலே பார்த்தேன், இழுத்தேன், மூன்று கட்டமாகத் தும்மினேன்.

யாரும் சிரிக்கவில்லை. செல்விகூட. "யாக்கோ?" என்றாள் மெதுவாக. ஏன்டா என்று கேட்பதற்கு மட்டும் அவள் கன்னடத்துக்குப் போய்விட்டாள். அத்தைக்குப் புரியாமல் என்னிடம் தனியாகக் கேட்டாள்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார் அப்பா.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேசரிபாத்தில் மூன்று திராட்சை இருந்தது.

"உம்புள்ள சொல்றதுதாம்மா நெசம்" என்று அப்பா அத்தையிடம் சொன்னார். "மேனேஜரு அவதான். வாத்தியாரே எந்திரிச்சுப் போயி உக்கார்ற சேரு அவளோடது. டீயெல்லாம் இவன் சேத்தது. எட்டாவதுக்கு அனுப்பு."

"அண்ணே, உங்களுக்கு எப்படி…"

"கேட்டனேம்மா."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மேஷ்ட்ருவிடம் போனார். நான் ஏழு வருடம் மொழிபெயர்த்துக் காப்பாற்றிவந்த என் அப்பா, சாரம் கட்டுகிற இடத்தில் பழகிய முரட்டுக் கன்னடத்தில், தங்குதடை இல்லாமல் பேசினார். "மனெ சோர்த்தா இத்ரெ ஹேளி மேஷ்ட்ரே, நானே பர்தீனி." வீடு ஒழுகினால் சொல்லுங்கள், நானே வருகிறேன். மேஷ்ட்ரு வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார், கொஞ்சமாக.

எட்டு மார்க்கும், சுறுசுறுப்பும், நிறைய இடமும் ஒவ்வொன்றாக என் கண்முன்னால் வந்து போயின. அத்தனைக்கும் தில்பசந்து வாங்கிக்கொடுத்திருக்கிறார்.

செல்வி எட்டாவது போனாள், அதற்கு மேலும் போனாள். மேனேஜர் ஆகவில்லை, கரண்ட் ஆபீசில் பெரிய மேசைக்குப் பின்னால் இருக்கிறாள். பில் தகராறுக்குப் போனால் எனக்கு டீ சொல்வாள். டீ வந்ததும் அதை என் பக்கம் தள்ளிவைத்து, "குடிங்க மேனேஜர்" என்பாள். அந்த டீயை நான் ஒருதரமும் சூடாகக் குடித்ததில்லை.

அன்று திரும்பும் வழியில் பேக்கரி வந்தது. நிற்கமாட்டார் என்று நினைத்தேன். நின்றார். ஒரு தில்பசந்து வாங்கினார். பிய்க்கவில்லை, முழுசாக என்னிடமே கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு அடி முன்னால் நடந்தார். காலையில் அரை மணி நேரம் தேய்த்த இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, வெள்ளைச் சட்டையின் தொங்கலுக்குள் மறைத்தாற்போல வைத்திருந்தார். வழியில் மேஷ்ட்ருவும் வேறு சில பெற்றோரும் எங்களைத் தாண்டிப் போனபோதும் அவற்றை வெளியே எடுக்கவில்லை.

என்னை அடித்துவிடக் கூடாது என்றுதான் கையைக் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். தப்பித்தோம் என்ற நிம்மதியில், முழுத் தில்பசந்தையும் தின்றுகொண்டே அவர் பின்னால் நடந்தேன்.