அக்கா வைத்த நான்கு படல்கள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களாகிய உங்களில் பலர், அவரைப் பற்றிய ஒரு பொய்யைப் பல ஆண்டுகளாக உண்மையென்று நம்பி வருகிறீர்கள். கிழக்கு வாசலைப் பூட்டச் சொல்லித் தம் சினைமாட்டைத் தாமே சாகவிட்டவர் என்பது அந்தப் பொய். அதைச் சொன்னவன் நான். அக்காவின் வாழ்க்கையைச் சொல்லும் இந்தப் பக்கங்களில் அதைத் திருத்தாமல் வேறு எதை எழுதியும் பயனில்லை.

அக்கா மல்லாங்கிணற்றில் பிறந்தார். எங்கள் பெற்றோர் பிறர் காட்டில் கூலிக்குக் களையெடுத்தவர்கள். பிள்ளைகள் நாங்கள் இருவர். ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும் என்றபோது, மூத்தவரான அக்கா பட்டாசு வேலைக்குப் போனார். நான் பள்ளிக்கூடம் போனேன். நான் கணக்கு ஆசிரியராகி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். அக்காவின் நகக்கண்களில் வெடிமருந்தின் சாம்பல் நிறம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒட்டியிருந்தது.

ஆமத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். அத்தான் மஞ்சள் காமாலையில் இறந்தபோது மகளுக்கு நான்கு வயது. அந்த ஒரே மகளை நர்ஸ் படிப்புப் படிக்கவைத்து, விருதுநகரில் கட்டிக்கொடுத்த பிறகுதான் அக்கா பட்டாசுக் கம்பெனிக்குப் போவதை நிறுத்தினார். ஊருக்கு வெளியே அத்தான் விட்டுப்போன நிலத்தில் மாடு வளர்க்கத் தொடங்கினார். ஓட்டு வீடு ஒன்று, அதை ஒட்டித் தொழுவம், சுற்றிலும் முள்வேலி. மேற்கே ஒரு தரிசுக் காடு தள்ளிப் பட்டாசுத் தொழிற்சாலை.

வீட்டு வேலைக்கு அக்கா ஆள் தேடியதில்லை. ஐப்பசி மழைக்கு முன் தாமே கூரையில் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றுவார். அறுபது வயதிலும் ஏறினார்.

"அக்கா, விழுந்து கிழுந்து தொலைச்சா யாரு பாக்க?" என்று நான் கீழே நின்று கத்துவேன்.

"விழுந்தா உன் தலையிலதாம்லே விழுவேன். தள்ளி நின்னு ஒரு ஓடு எடுத்துக் குடு, வாத்தியாரே!"

அந்த வீட்டில் எல்லாக் கதவுகளும் வெளிப்பக்கமாகத் திறக்கும். எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. மாடுகளை, நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழும் முடிச்சில்தான் கட்டுவார். பட்டாசு அறைகளுக்குப் பல பக்கமும் வாசல் இருக்கும்; கதவுகள் வெளியே பார்த்துத் திறக்கும்; வேலை நடக்கும்போது எதையும் சாத்தமாட்டார்கள். ஏதாவது நடந்தால் ஓடுவதற்கு ஒரு நொடிதான் கிடைக்கும். அக்கா அந்தப் பழக்கத்தை வேலிக்கும் கொண்டுவந்திருந்தார். கிழக்கு வேலியில் கம்பும் முள்ளும் சேர்த்துக் கட்டிய ஒரு படல் வைத்து, அதைக் கற்றாழை நாரால் இலேசாக முடிந்திருந்தார். முள் உள்பக்கம் இருப்பதால் மேயும் மாடு அதை நெருங்காது. மிரண்டு ஓடிவரும் மாடு முட்டினால் நார் அறுந்து படல் வெளியே சாயும்.

"மாடு முட்டினா திறக்கிறது ஒரு வேலியா?" என்று நான் சிரித்தேன்.

"சும்மா இருக்கையில நிக்கணும், உசுருக்கு ஓடையில அறுந்துறணும். அம்புட்டுத்தான்" என்றார் அக்கா.

சுனாமி வந்ததற்கு முந்தைய ஆண்டு, மகளின் பிரசவத்துக்காக அக்கா விருதுநகர் போனார். பண்ணையைப் பார்த்துக்கொள்ள நான் வந்து தங்கினேன். இரண்டாம் நாளே தெரு ஆடுகள் படலுக்கு அடியில் நுழைந்து தீவனத்தைத் தின்றன. படித்தவன் செய்யும் முறையில் வேலியைச் செப்பனிட்டுக் காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அக்காவுக்கு வழக்கமாக வேலி அடைக்கும் சோலையைக் கூப்பிட்டு, கிழக்குப் பக்கம் கல்தூண் நட்டு முள்கம்பி இழுக்கச் சொன்னேன். படல் இருந்த இடத்தில் இரும்புக் கதவு.

"ஆத்தாள ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம் சார்" என்றார் சோலை.

"எல்லாம் நான் சொல்லிக்கிறேன். நீங்க தூணை நடுங்க" என்றேன்.

கதவுக்குப் பூட்டும் போட்டேன். சாவியைச் சட்டைப் பையில் வைத்து, சட்டையை வீட்டுக்குள் மாட்டினேன்.

நான்காம் நாள் மதியம் தொழிற்சாலையின் சேமிப்பு அறை ஒன்று வெடித்தது. சாப்பாட்டு நேரமாதலால் அங்கே ஆளில்லை. ஆனால் இங்கே ஆறு மாடுகளும் வால் தூக்கிக் கிழக்கே ஓடின. அவற்றுக்குத் தெரிந்த வழி அதுதான். நான் சட்டையைத் தேடி, சாவியை எடுத்துக்கொண்டு வருவதற்குள், எல்லாவற்றுக்கும் மூத்த மயிலைப் பசு முள்கம்பியில் விழுந்து கிடந்தது. நிறைசினை. பொழுது சாயும்முன் உயிர் போய்விட்டது.

மறுநாள் அக்கா வந்தபோது வாசலில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். "யாருப்பா பூட்டுப் போட்டது?" என்று ஒருவர் கேட்டார். ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளுக்குத் தப்பைத் தப்பென்று ஒத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்த நான், "அக்காதான் பூட்டச் சொல்லுச்சு" என்றேன்.

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், காதுகுத்திலும் அந்தப் பேச்சு வரும். "அம்புட்டு வருசம் பட்டாசுல இருந்தவ, பூட்டி வைக்கலாமா?" என்பார்கள். இலையில் பார்வையைப் பதித்து நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மாட்டைப் புதைத்த மறுநாளே அக்கா சோலையோடு சேர்ந்து முள்கம்பி முழுவதையும் வெட்டி எறிந்தார். நட்டால் துளிர்த்துவிடும் கிளுவைக் கம்புகளை நட்டு உயிர்வேலி போட்டார். ஒன்றாக இருந்த படலை நான்காக்கினார், திசைக்கு ஒன்று. மேற்கே எதற்கு என்று கேட்டேன்.

"அங்கன இருவது பொண்ணுகளுக்கு மேல வேலை பாக்காகலே. அவுக எங்கிட்டு ஓடுவாக?"

அதற்காகத் தொழிற்சாலையில் வேலையை மேற்பார்க்கும் போர்மேனிடமே போனார். அவர்கள் வேலியிலும் நேர் எதிரே ஒரு படல் வைக்கச் சொன்னார்.

"எங்க பொம்பளைக உங்க வீட்டுக்கு மோர் குடிக்க வர வழி கேக்கீகளா ஆத்தா?" என்று அவர் சிரித்தார்.

"மோரும் தாரேன், வழியும் தாரேன். நீ மொதல்ல படலை வையி."

அவர் வைத்தார். இடையிலிருந்த காட்டில் நடைபாதை அளவுக்கு முள்ளை வெட்டி, மாதம் ஒரு முறை அக்காவே அதைச் சுத்தம் செய்துவந்தார்.

மூன்று ஆண்டு கழித்துத் தீபாவளி சீசனில், வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு முற்பகல், அங்கே மறுபடியும் வெடித்தது. அன்று நானும் பண்ணையில் இருந்தேன். மேற்குப் படலைத் தள்ளிச் சாய்த்துக்கொண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். அதே நேரம் மாடுகள் கிழக்குப் படலை முட்டிச் சாய்த்து வெளியேறின. அக்கா முற்றத்தின் நடுவில் நின்று, "இங்கிட்டு வாங்க தாயி, இங்கிட்டு வாங்க!" என்று கையை வீசிக்கொண்டிருந்தார். புகை அடங்குமுன் என் பக்கம் திரும்பினார்.

"எண்ணுலே! கணக்கு வாத்தியார்தானே நீ!"

எண்ணினேன். இருபத்து மூன்று பேர். மூச்சிரைக்க வந்த போர்மேன் வருகைப் பதிவைப் பார்த்து, "எல்லாரும் வந்துட்டாக" என்று தரையில் உட்கார்ந்து அழுதார். ஒரு பெண்ணுக்குக் கை சுட்டிருந்தது, அவ்வளவுதான். ஊருணிக்கரையில் நின்ற மாடுகளையும் போய் எண்ணிவந்தேன். கன்றுகளோடு ஒன்பது. ஒன்றுகூடக் குறையவில்லை. என் வாழ்நாளில் நான் போட்ட கணக்குகளில் விடை இவ்வளவு இனித்தது வேறில்லை. அக்கா அத்தனை பேருக்கும் மோர் கொடுத்துவிட்டு, அறுந்த நாருக்குப் பதில் புது நார் திரிக்க உட்கார்ந்துவிட்டார்.

இறப்பதற்கு இரண்டு வாரம் முன்புவரை அக்கா படல் கட்டினார். நெஞ்சுவலியில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, "அக்கா, அன்னைக்கு நான் சொன்னது…" என்று தொடங்கினேன். "இங்கன உக்காந்து என்ன செய்ய? போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றார். போனேன். திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மகளுக்கும் மருமகனுக்கும், இன்றும் அந்த வேலியைப் பார்த்துக்கொள்ளும் சோலைக்கும், வேலையை நிறுத்திவிட்டு இறுதிச் சடங்குக்கு வந்த போர்மேனுக்கும் அந்த இருபத்து மூன்று பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

உறவினர்களாகிய உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அக்கா பூட்டச் சொல்லவில்லை. அவரைக் கேட்காமல் பூட்டியவன் நான். இனி எந்த விசேஷ வீட்டிலாவது அந்தப் பேச்சு எழுந்தால், தம்பிதான் பூட்டினான் என்று சத்தமாகச் சொல்லுங்கள். அந்தப் பந்தியில் நான் இருந்தாலும் சொல்லுங்கள்.