சக்கரத்தை நம்பாத மரியதாஸ்

காலை ஷிப்டுக்குப் போன என் கணவர், கொண்டுபோன சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலேயே திரும்பி வந்தார். "மறுபடியும் இருமலா?" என்றுதான் முதலில் கேட்டேன். "மரியதாஸ் அண்ணன் செத்துப் பூட்டாரு" என்றார்.

ராயபுரத்தில் அவரைத் தெரிந்தவர்கள், யாரையும் நம்பாத மனிதர் என்பார்கள். உண்மைதான். திருவொற்றியூர் மருந்துத் தொழிற்சாலையில் என் கணவர் பேக்கிங் கூடத்தில் வேலை செய்கிறார். மாடியிலிருக்கும் காற்றுச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டவர் மரியதாஸ் அண்ணன். மருந்து அரைக்கும் அறையிலிருந்து வெளியேறும் குளிர்ந்த காற்று, ஆள் உயரச் சக்கரத்தின் ஒரு பாதி வழியாகப் போகும். வெளியிலிருந்து புதுக்காற்று மறுபாதி வழியாக வரும். போகிற காற்றின் குளிர்ச்சியை வருகிற காற்றுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் சக்கரத்தின் வேலை. இரண்டும் கலக்காமல் நடுவில் ஒரு ரப்பர் பட்டை தடுக்கும். பட்டை தேய்ந்தால், மருந்துத் தூள் கலந்த காற்று பேக்கிங் கூடத்துக்கே வந்துவிடும். என் கணவர் அப்போது ஓயாமல் இருமிக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை மரியதாஸ் அண்ணன் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, உன் சாம்பிராணி கொஞ்சம் குடு."

"உங்க கோயில்ல இல்லாததாண்ணே?"

"கோயில் சாம்பிராணி அல்லார் சட்டையிலயும் கீது. உன்னுது தனி வாசனை."

வெட்டிவேரையும் மருக்கொழுந்தையும் இடித்துச் சேர்ப்பது என் கைப்பழக்கம். கொடுத்தேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை நான் வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்க மாட்டேன் என்று தெரிந்தே முந்தின நாள் வந்திருக்கிறார். யாருக்கு என்ன செய்வினை வைக்கப் போகிறாரோ என்று அம்மன் படத்துக்கு முன் கற்பூரம் ஏற்றினேன்.

மறுநாள் என் கணவர் வேலையிலிருந்து வந்தார். காலையில்தான் துவைத்துக் கொடுத்த சட்டை. அதில் என் சாம்பிராணி மணந்தது. நான் அன்று இன்னும் புகையே போடவில்லை.

"இன்னாய்யா, எந்த வூட்டுப் பூசையில குந்திகினு வர்ற?"

"பேஜாரு பண்ணாதடி. கூடத்தைத் தவிர எங்கயும் போவல."

பின்னாலேயே வந்த மரியதாஸ் அண்ணன் சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "அவனை வுடு தங்கச்சி. அரவை நின்ன நேரத்துல, வெளிய போற காத்துல உன் சாம்பிராணியைப் போட்டேன். இவன் மேல வந்து குந்திகினு கீது."

"பட்டைய மாத்தியாச்சுன்னு எஞ்சினியர் சொன்னாரேண்ணே" என்றார் என் கணவர்.

"பேப்பர்ல மாத்திகினாரு."

மறுநாள் மரியதாஸ் அண்ணன் சக்கரத்தை நிறுத்தினாராம். அது நன்றாகத்தானே சுற்றுகிறது என்று எஞ்சினியர் கேட்டதற்கு, "செக்குமாடுந்தான் சுத்துது சார், எண்ணெ வருதான்னு பாக்க வேணாவா?" என்றிருக்கிறார். சக்கரத்தைச் சுற்றவைக்கும் பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டவர், புதுப்பட்டை வந்து சேரும்வரை இறக்கவில்லை. அதன் பிறகு என் கணவரின் இருமல் மெல்ல மெல்ல அடங்கியது.

ஆனால் அந்தச் சக்கரத்தின் சிறு துளைகளில் அடைந்த தூளைத் துலக்கியவர் அவர்தான். எத்தனை வருஷம் அந்தச் சக்கரக் கூண்டுக்குள் தலையை விட்டிருப்பார்? கடைசியில் நுரையீரல்தான் கெட்டது. துக்க வீட்டுக்கு மாலையோடு வந்த தொழிற்சாலை அதிகாரி, "சிகரெட்டுதாம்மா காரணம்" என்றார். அண்ணன் வாயில் நாங்கள் யாரும் சிகரெட் பார்த்ததில்லை. அண்ணனின் மனைவி அதிகாரியை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப சக்கரத்தை யார் பாக்கறாங்க சார்?" என்று கேட்டேன்.

"ஆள் போடுவோம்."

"அதுவரைக்கும்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மரியதாஸ் அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவருடைய சந்தேகம். தெய்வத்தை நம்புகிறவளுக்கு இது ஆகுமா என்று யோசித்தேன்; ஆகும் என்றே படுகிறது. புது ஆள் வந்து, பட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தேன் என்று என் எதிரில் நின்று சொல்லட்டும். அதுவரை என் கணவரை அந்தக் கூடத்துக்கு அனுப்புவதாக இல்லை.