பிளாஸ்திரி ஒட்டிய லென்ஸ்

போன ஞாயிறு பாறசாலையில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போயிருந்தேன். தங்கை மகள் நடந்துகொண்டே போனில் வீடியோ எடுத்தாள். நடக்கிறாள், திரும்புகிறாள், படம் ஆடவில்லை. "இது எப்படி பிள்ளே?" என்றேன். "ஆடாம பிடிக்கியது போனுக்க உள்ளயே உண்டு மாமா" என்றாள். அவ்வளவுதான். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

எனக்குக் கை நடுங்கும். போட்டோ ஸ்டுடியோவில் படம் எடுக்கச் சேர்ந்து ஆறேழு வருடம் கழித்து வந்தது. தெரிந்தால் வேலை போகும். வேறு வேலையும் தெரியாது. படிப்பு ஏழாம் வகுப்பு.

அப்போதுதான் முதலாளி அண்ணன் கல்ஃபிலிருந்து, கை ஆடினாலும் படம் ஆடாத ஒரு லென்ஸ் வரவழைத்தார். பட்டனைப் பாதி அமுக்கினால் உள்ளே பூனை உறுமும் சத்தம். கேமராவுக்குள் ஆடிக்கொண்டிருந்த முகம் மெல்ல மிதந்து நின்றுவிடும். என் கைக்கு மருந்து வந்தது என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். யாராவது கைதவறி அணைத்துவிட்டால்? காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வெட்டி அதன்மேல் ஒட்டினேன். காட்டாக்கடையில் ஒரு ஸ்டுடியோவில் கூப்பிட்டார்கள். போகவில்லை. அங்கே இந்த லென்ஸ் இல்லையே.

பிறகு காரோடு என்ற ஊரில் ஒரு கல்யாணம். அந்தக் கிறிஸ்தவச் சபையில் தாலி கட்டும்போது பிளாஷ் அடிக்கக் கூடாது, தூணைத் தாண்டவும் கூடாது. "வெளிச்சம் போராது, ஸ்டாண்டில மாட்டுலே" என்றார் அண்ணன். பிளாஸ்திரியைப் பிரிக்காமலே மாட்டினேன். ஸ்டாண்டில் வைத்தால் ஸ்விட்சை அணைக்க வேண்டுமாம். இல்லையென்றால் சும்மா நிற்பதையும் அதுவே அசைத்துவிடும். அந்தக் காலத்து லென்ஸுக்கு அவ்வளவுதான் புத்தி. எனக்கும்தான். கழுவி வந்த பிலிமில் மாப்பிள்ளைக்கு இரண்டு மூக்கு.

பெண்ணின் அப்பா கடைக்கே வந்துவிட்டார். "அப்போ இன்னொருக்கா தாலி கெட்டச் சொல்லட்டா?"

"மெஷின் பிழையாக்கும்" என்று அண்ணன் தலைகுனிந்து நின்றார். வந்தவர் போனதும் அண்ணன் லென்ஸை எடுத்துப் பார்த்தார்.

"எலே, இதென்னது?"

"பிளாஸ்திரி."

"அது எனக்கும் தெரியும். எதுக்கு ஒட்டினே?"

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"கைய நீட்டுலே."

நீட்டினேன். விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"எம்புட்டு நாளாட்டு?"

"நாலு வருசம் இருக்கும் அண்ணா."

"நாலு வருசமாட்டு என்னைய ஒண்ணுந்தெரியாத பொட்டனாக்கிட்டே, இல்லியா?"

லென்ஸை என் கையில் வைத்தார். "இனி இது உனக்காக்கும். வேற ஒரு எடத்துக்கும் போவப்பிடாது, கேட்டியா மக்கா."

திட்டித் துரத்தியிருந்தால் எங்காவது போயிருப்பேன். இப்படிச் சொன்ன மனுஷனை விட்டு எப்படிப் போவது? துபாயில் மச்சான் விசா பார்த்தான். அதையும் விட்டேன். இருபது வருடம் அதே இருட்டறை, அதே ஸ்டூல்.

அண்ணன் போய்ச் சேர்ந்தார். கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். எவன் கை நடுங்கினாலும் இனி யாருக்கும் தெரியாது. நான் எங்கே வேண்டுமானாலும் வேலைக்குப் போகலாம். கூப்பிடத்தான் ஆளில்லை.